ஒன்பது அஞ்சு வேட்டியும் நூத்தைம்பது ரூபா நைட்டியும்

இதை யாராவது ஒரு கையில ரோஸ் ஆகிப்போன வெள்ளைச் சட்டையோட, இன்னொரு கையில போனோட படிச்சிட்டு இருந்தீங்கன்னா என் குடும்பக் கதையெல்லாம் உங்களுக்கு இப்ப வேணாம், ஒண்ணே ஒண்ணு மட்டும் செஞ்சிட்டு வாங்க. அந்தத் துணிய காயப் போடாதீங்க, இஸ்திரிப் பெட்டி பக்கமே கொண்டு போகாதீங்க, சாயம் விட்ட துணிய தனியா தூக்கிப் போட்டுட்டு மத்ததை எல்லாம் ஒரு பக்கெட் தண்ணியில முக்கி வெச்சிட்டு வந்து உக்காருங்க. நான் அதைச் செய்யல. அதனாலதான் இவ்ளோ நீளமா எழுத வேண்டி இருக்கு.

தை மாசம் அப்பாவுக்கு எழுபது. பீமரத சாந்தி திருக்கடையூர்லன்னு ஆறு மாசம் முன்னாடியே முடிவாச்சு. அறுபதும் அங்கதான் நடந்துச்சு, அன்னிக்கு பஞ்சகச்சம் கட்டின ஒன்பது அஞ்சு வேட்டிய (வேட்டி ஒன்பது முழம், அங்கவஸ்திரம் அஞ்சு முழம்) அப்பா பத்து வருஷமா பீரோவுல அந்துருண்டை போட்டு வெச்சிருந்தார். பட்டு இல்ல, நல்ல காட்டன், பச்சையும் அரக்கும் சேர்ந்த மயில்கண் கரை. புதுசு ஒண்ணு எடுத்துக்கலாமேப்பான்னா "அதான் இருக்கே"ன்னு ஒரே வார்த்தை. மடிப்பு மடிப்பா பழுப்பேறி அந்துருண்டை வாசம் வேற, அம்மாவுக்கு முட்டி வலி, குனிஞ்சு தொவைக்க முடியாது, அதனால "நீ பாண்டியில மிஷின்ல போட்டு எடுத்துனு வாடி"ன்னு கடலூர் திருப்பாப்புலியூர்ல இருந்து பை நிறைய பத்திரம் சொல்லி என் கையில குடுத்து அனுப்பினாங்க.

எங்க வீடு முத்தியால்பேட்டையில. அந்த வாரம்தான் காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல ஒரு மெரூன் நைட்டி வாங்கியிருந்தேன், நூத்தைம்பது ரூபா, பேரம் பேசி இருநூறுல இருந்து இறக்கினதுன்னு பெருமை வேற. மிஷின் பாதி காலியா இருக்கேன்னு வேட்டி, வீட்டுக்காரர் பனியன் ரெண்டு, அந்த நைட்டி எல்லாத்தையும் ஒண்ணா போட்டேன். ஏன் போட்டேன்னு கேக்காதீங்க. நாப்பத்தி ரெண்டு வயசுல, இருபது வருஷமா துணி தொவைக்கிறவ, நைட்டிய கையில எடுத்துப் பார்த்து "இது விடாது, காட்டன்தானே"ன்னு என்னமோ நெனச்சேன். மிஷின் சுத்த ஆரம்பிச்சதும் பொண்ணு ஸ்கூல்ல மீட்டிங்னு ஓடிட்டேன். திரும்பி வந்து மூடிய திறக்க மூணு மணி நேரம் ஆச்சு. துணி சுத்தும்போது ஏறினதை விட, நின்னுபோன மிஷின்ல ஈரமா ஒண்ணு மேல ஒண்ணு அப்பிக்கிட்டு கெடந்ததுலதான் நெறைய ஏறியிருக்குன்னு அப்புறம் புரிஞ்சுச்சு, ஏன்னா வேட்டி முழுக்க லேசா ரோஸ்மில்க் கலர், நைட்டியோட ஒட்டிக்கிட்டிருந்த இடத்துல மட்டும் திட்டுத் திட்டா அடர்த்தி, ஒரு இடத்துல நைட்டியோட லேஸ் டிசைன் கூட அச்சு மாதிரி விழுந்திருந்துச்சு.

அப்ப கவனிச்ச ஒரு விஷயம் சொல்லணும். பனியனும் ரோஸ் ஆயிடுச்சு, ஆனா அதோட தையல் நூல் மட்டும் பளிச்சுனு வெள்ளை. ரோஸ் துணியில வெள்ளைக் கோடு போட்ட மாதிரி. அந்த நூல் பாலியஸ்டர். காட்டனுக்கு போடற சாயம் காட்டனைத்தான் தேடிப் போகும், பாலியஸ்டர்ல ஏறவே ஏறாது, அதனால சாயம் ஒட்டின துணி எதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. இதெல்லாம் இப்ப நிதானமா சொல்றேன், அன்னிக்கு எனக்கு கை நடுங்குது.

நடுங்கின கையோட நேரா மாடிக்குப் போய் வெயில்ல விரிச்சுப் போட்டேன். இதுதான் பெரிய தப்பு. மஞ்சள் கறை வெயில்ல போட்டா போயிடும்ல, அதே மாதிரி இதுவும் போகும்னு ஒரு நெனப்பு. மஞ்சள் வேற சங்கதிங்க. அதுல இருக்கிற குர்குமின் வெயில் பட்டா தானா செதஞ்சுடும், அதான் காலையில மஞ்சளா இருந்த தலகாணி உறை சாயங்காலம் வெளுத்திருக்கும். மஞ்சள் கறை மேல சோப்பு போட்ட உடனே செக்கச்செவேல்னு ஆவுதே, அதைப் பார்த்து பயந்து எங்க அத்தை ஒரு தடவை புதுப் போர்வையவே தூக்கிப் போட்டுட்டாங்க. சோப்போட காரம் பட்டதால நிறம் மாறுது, அவ்ளோதான், எலுமிச்சம் பழம் பிழிஞ்சா திரும்ப மஞ்சளா ஆயிடும், அப்புறம் அலசி வெயில்ல போட்டா வேலை முடிஞ்சுது. நைட்டி சாயம் அந்த ரகம் இல்ல. ரெண்டு மணி நேரம் தை மாச வெயில்ல காஞ்சு, ரோஸ்மில்க் அப்படியே மொறமொறன்னு ரோஸ்மில்க்காவே இருந்துச்சு, போதாததுக்கு ஈரமா இருந்தப்ப தண்ணிக்குக் கூட கெஞ்சியிருக்கக்கூடிய சாயம் இப்ப நூல்ல கெட்டியா உக்காந்துடுச்சு.

வீட்டுக்காரர் வந்து பார்த்துட்டு "நல்லாதானே இருக்கு, மாமாவுக்கு மாப்பிள்ளை களை வந்துடும்"னார். பதில் பேசல.

குடும்ப வாட்சப் குரூப்ல போட முடியாது, அம்மா இருக்காங்க அதுல. அக்கா தங்கச்சிங்க மட்டும் இருக்கிற இன்னொரு குரூப்ல போட்டேன். அஞ்சு நிமிஷத்துல ஒம்பது வைத்தியம். கல்லுப்பு, வினிகர், ரெண்டும் சேர்த்து, படிகாரம், டூத்பேஸ்ட், ஒருத்தி அரிசி கழுவின தண்ணி. உப்பும் வினிகரும் போட்டு ராத்திரி முழுக்க ஊற வெச்சேன், காலையில வினிகர் வாசத்தோட அதே ரோஸ். இந்த உப்பு விஷயத்துல எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆத்திரம் உண்டு, சொல்லிடறேன். புதுப் புடவைய உப்புத் தண்ணியில முக்குனா சாயம் போகாதுன்னு நம்ம வீட்டுல எல்லாரும் சொல்றோம், பாட்டி சொன்னது, அவங்க பாட்டி சொன்னது. சாயம் போடும்போது சாயக்காரங்க தொட்டியில உப்பைக் கொட்டுறது நெசம்தான். உப்பு சேர்ந்தா சாயம் தண்ணிய விட்டுட்டு நூல் பக்கம் தள்ளப்படும். அதுக்காகத்தான். முடிஞ்சுபோன துணிய வீட்டுல உப்புத் தண்ணியில போட்டா அந்தத் தண்ணியில இருக்கிற வரைக்கும் கொஞ்சம் அடங்கி இருக்கும், நல்ல தண்ணிக்கு வந்ததும் பழையபடி குடி கெடுக்க ஆரம்பிச்சிடும். யோசிச்சுப் பார்த்தா கறை எடுக்க உப்பு போடறது நேர் எதிர் வேலை, கறையத் துணி பக்கம் தள்ளுற வேலை. வினிகரும் அப்படித்தான், கம்பளி பட்டுக்குப் போடற சில சாயத்துக்கு புளிப்பு வேணும், காட்டன் நைட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

இதை எனக்குச் சொன்னது பெரியப்பா. இங்க ஒரு மில்லுல சாயப் பிரிவுல முப்பது வருஷம் இருந்தவர், இப்ப காது சரியா கேக்காது, போன்ல கத்தித்தான் பேசணும். "சாயம் போடறது பெரிய வித்தை இல்லம்மா, போட்ட சாயத்த அலசறதுதான் வித்தை"ன்னார். காட்டனுக்கு இப்ப பெரும்பாலும் போடறது ரியாக்டிவ் சாயம், நூலோட ரசாயனமா கை கோர்த்துக்கும், கோர்த்துட்டா சுலபத்துல விடாது. ஆனா தொட்டியில போட்ட சாயம் மொத்தமும் நூலோட கோர்க்கிறது இல்ல, ஒரு பங்கு தண்ணியோட சேர்ந்து செத்துப்போயிடும், செத்தது நூல் மேல சும்மா ஒட்டிக்கிட்டு கெடக்கும். அதை எடுக்க கொதிக்கிற சோப்புத் தண்ணியில திரும்பத் திரும்ப அலசணும். தண்ணி செலவு, விறகு செலவு, நேரச் செலவு. மெரூன், கறுப்பு, நேவி மாதிரி அழுத்தமான கலருக்கு சாயமே நெறைய போடணும், அப்ப ஒட்டிக்கிட்டு கெடக்கிறதும் நெறைய. நூத்தைம்பது ரூபாய்க்கு நைட்டி குடுக்கணும்னா எங்கயாவது மிச்சம் புடிக்கணும் இல்ல, அலசறதுல மிச்சம் புடிச்சிருக்காங்க. அந்தக் கடைசி அலசலத்தான் நான் எங்க வீட்டு மிஷின்ல அப்பா வேட்டியோட சேர்த்து செஞ்சிருக்கேன்.

அவர் சொன்னதுல இருந்து எனக்குப் பிடி கெடச்சது இதுதான்: வேட்டியில ஏறியிருக்கிறது அந்தச் செத்த சாயம். அது வேட்டி நூலோட கோர்க்கல, கோர்க்கிற சக்தியே அதுக்கு இல்ல. மேல உக்காந்திருக்கு, அவ்ளோதான். கறைன்னு நாம பயப்படறோம், அது வழி தவறி வந்து உக்காந்த ஆளு. எழுப்பி அனுப்பணும்.

எழுப்ப முதல் வழி வெந்நீர். எங்க தெரு முனையில இஸ்திரி வண்டி வெச்சிருக்கிற தாத்தாகிட்ட காட்டினேன், அவர் வேட்டிய வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து விரலால கரைய நிமிண்டிட்டு "வெள்ளாவி வெச்சா போயிடும், யாரு வெக்கிறா இப்ப"ன்னார். சின்ன வயசுல அவங்க அப்பாவோட உவர்மண் அள்ளப் போவாராம். அந்த மண்ணுல சோடா உப்பு இருக்கும், அதைக் கரைச்ச தண்ணியில துணிய முக்கிப் பானை மேல அடுக்கி ராத்திரி முழுக்க ஆவி காட்டினா காலையில ஊர் துணி மொத்தமும் கொக்கு மாதிரி இருக்குமாம். காரமும் ஆவியும். பெரியப்பாவோட கொதிக்கிற சோப்புத் தண்ணியும் அதேதான், பேர் வேற.

வீட்டுல பெரிய அன்னக்கூடையில தண்ணி கொதிக்க வெச்சு, பிளாஸ்டிக் டப்புல ஊத்தி, சலவை சோடா ரெண்டு ஸ்பூன், சாதாரண துணி பவுடர் கொஞ்சம், வேட்டிய முக்கி பழைய தோசைக் கரண்டியால அழுத்தி அழுத்தி விட்டேன். பத்தே நிமிஷத்துல தண்ணி பன்னீர் ரோஜா கலர். அந்தத் தண்ணிய உடனே கொட்டிடணும், ஆற விடக்கூடாது, ஆறினா எடுத்ததுல பாதி திரும்ப ஏறிக்கும். இப்படி மூணு தடவை. மூணாவது தண்ணி தெளிஞ்சு வந்தப்ப பாதிக்கு மேல போயிருந்துச்சு. பனியன் ரெண்டும் இதுலயே சரியாயிடுச்சு, ஏன்னா அதை நான் காயப் போடல, பக்கெட்லயே மறந்து வெச்சிருந்தேன். மறதியும் சில நேரம் நல்லது.

அடுத்தது பெர்கார்பனேட். கடையில ஆக்ஸின்னு பேர் போட்டு வர்ற கறை நீக்குற பவுடர்ல இதுதான் முக்கிய சரக்கு, வேனிஷ்லயும் இதான். தண்ணியில போட்டா ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவை சோடாவுமா பிரியும், அந்த பெராக்சைடு சாயத்தை மெல்ல மெல்லத் தின்னும். மெல்லன்னா நெசமாவே மெல்ல. கை பொறுக்கிற சூட்டுத் தண்ணியில கரைச்சு ராத்திரி முழுக்க ஊற வெக்கணும், பச்சத் தண்ணியில போட்டு பத்து நிமிஷத்துல அலசிட்டு வேலை செய்யலன்னு திட்டக் கூடாது. இதுல ஒரு வசதி, கெட்டிச் சாயம் போட்ட கலர் துணிக்கும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, அதனால கரை போட்ட வேட்டிக்கும், பூப்போட்ட பெட்ஷீட்டுக்கும், ஸ்கூல் யூனிஃபார்ம் சட்டைக்கும் நான் முதல்ல கை வெக்கிறது இதுலதான். பட்டு, கம்பளிக்கு மட்டும் வேணாம். ரெண்டு ராத்திரி ஊறினதுல மொத்த ரோஸும் போயி, அந்தத் திட்டு இருந்த இடங்கள்ல மட்டும் லேசா, வெத்தல போட்ட உதட்டைத் தொடச்ச மாதிரி, ஒரு நிழல் நின்னுச்சு. வெயில்ல காய வெச்ச புண்ணியம்.

இந்த எடத்துல எல்லாரும் பிளீச் பாட்டிலத் தூக்குவாங்க. நானும் தூக்கினேன், தூக்கிட்டு வெச்சிட்டேன். கரை போயிடும்னு ஒரு பயம். இன்னொண்ணு, நாலு வருஷம் முன்னாடி ஒரு லாண்டரியில என் வெள்ளைக் குர்த்தியில பட்ட நீலத்த எடுக்கிறேன்னு குளோரின் பிளீச்ல போட்டு மொத்தத்தையும் பழுத்த வாழையிலை கலர்ல திருப்பிக் குடுத்தாங்க, அந்தத் துணியில லைக்ரா கலந்திருந்துச்சு, லைக்ராவுக்கும் குளோரினுக்கும் ஆகவே ஆகாது. சுத்த வெள்ளை காட்டன், கரை இல்ல, பூ இல்லன்னா அளவா தண்ணி கலந்து கொஞ்ச நேரம் போடலாம், தப்பில்ல. ஆனா ஒண்ணு, பிளீச்சோட வினிகரோ, எலுமிச்சையோ, பாத்ரூம் கழுவற ஆசிடோ எந்தக் காரணத்துக்கும் சேர்க்காதீங்க, குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல அது வெளையாட்டு இல்ல. ஒரு வைத்தியம் ஆவலன்னா அதே பக்கெட்ல அடுத்த வைத்தியத்த ஊத்துற பழக்கம் நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு. முதல்ல நல்லா அலசுங்க, தண்ணிய மாத்துங்க, அப்புறம் அடுத்தது.

விசேஷத்துக்கு அஞ்சு நாள். வேட்டிய பையில சுருட்டிக்கிட்டு கடலூர் பஸ் ஏறினேன். அம்மா வீட்டுக்கு இல்ல, நெல்லிக்குப்பம் பக்கத்துல ஒரு கிராமத்துல இருக்கிற மாமா வீட்டுக்கு, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

பஸ் முதலியார்பேட்டையில ஏஎஃப்டி, அதான் ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ் துணி மில், வாசலத் தாண்டும்போது எப்பவும் எட்டிப் பார்ப்பேன். 1898-ல ஆரம்பிச்சது, 2020-ல மூடியாச்சு. ஆனா பாண்டிச்சேரிக்கும் சாயத்துக்கும் உள்ள உறவு மில்லுக்கெல்லாம் ரொம்ப முந்தி. பிரெஞ்சுக்காரங்க காலத்துல இங்க இருந்து கினின்னு ஒரு துணி கப்பல் கப்பலா போயிருக்கு, அவுரியில முக்கின கருநீலக் காட்டன், ஆப்பிரிக்காவுல செனகல் ஆத்துப் பக்கம் அதைக் குடுத்து பதிலுக்குக் கருவேலம் பிசின் வாங்குவாங்களாம். அவுரி நீலம் மத்த சாயம் மாதிரி நூலோட கோர்க்கிறது இல்ல, தண்ணியில கரையவும் கரையாது, பொடிப்பொடியா நூல் மேல படிஞ்சு நிக்கும், அதனால உரசினா வரும். சகாரா ஓரத்து ஜனங்களுக்கு அந்த நீலம் உடம்புல ஒட்டுறது குறை இல்ல, பெருமை, நீல மனுஷங்கன்னு பேரே வந்துச்சு. நான் ஒரு நைட்டி சாயத்துக்கு பஸ்ல உக்காந்து நெஞ்சு படபடக்கப் போய்க்கிட்டு இருக்கேன். புது ஜீன்ஸ் போட்டு வெள்ளை சோபாவுல உக்காந்தா நீலமாவுதே, அதுவும் அதே உரசல்தான், ஜீன்ஸ் நீலமும் அவுரி நீலமும் ஒரே பொருள், இப்ப ஃபேக்டரியில செய்யறாங்க, அவ்ளோதான் வித்தியாசம். சோபாவுல பட்டதுக்கு சோப்பு நுரைய மட்டும் ஸ்பாஞ்சுல எடுத்து அன்னிக்கே ஒத்தி எடுத்தா பெரும்பாலும் வந்துடும், தண்ணிய ஊத்தித் தேச்சா உள்ள எறங்கும்.

மாமாவுக்கு வருவோம். மாமா வெல்லம் காய்ச்சுறவர். கரும்பு ஆடி, கொப்பரையில சாறு ஊத்தி, சோகையில எரிய விட்டு, பாகு பதம் வந்ததும் மரத் தொட்டியில கொட்டிக் கிளறி உருண்டை புடிக்கிற வேலை. பொங்கல் லீவுக்குப் போனா நாங்க அந்தக் கொட்டகையிலதான் கெடப்போம், சூட்டோட பாகு நக்கி நாக்கு வெந்துபோனது இன்னும் ஞாபகம் இருக்கு. அப்ப ஒரு வெள்ளைப் பொடி ஒரு டப்பாவுல இருக்கும், எங்கள தொட விட மாட்டாங்க, பாகு எறக்கறதுக்கு முன்னாடி மாமா ஒரு பிடி தூவுவார், தூவினதும் கறுத்துக்கிட்டு இருந்த பாகு கண்ணு முன்னாடியே பொன்னு கலரா வெளுக்கும், மூக்கை அறுக்கிற மாதிரி ஒரு கந்தக வாசம் வரும். ஐட்ரோஸ்னு சொல்வாங்க. பெரியப்பா போன்ல கத்தும்போது "கடைசியா ஐட்ரோஸ் ஒண்ணுதாம்மா"ன்னார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஐட்ரோஸா, எங்க மாமா வெல்லத்துல போட்டதா? அதேதான். சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். சாயப்பட்டறையில அவுரி கரைக்கவும், தப்பா ஏறின கலர உரிக்கவும் வெச்சிருக்கிற அதே பொடி. வெளிநாட்டுல கலர் ரன் ரிமூவர்னு சின்னச் சின்ன பாக்கெட்ல வித்துக்கிட்டு இருக்கிறதும் பெரும்பாலும் இதுதான்.

"இப்ப நான் போடறதில்லம்மா"ன்னு மாமா முதல் வார்த்தையே அதுதான் சொன்னார், நான் உணவுப் பாதுகாப்பு ஆபீசர் மாதிரி. பொங்கல் நேரத்துல அவங்க கொட்டகை கொட்டகையா வந்து பாக்கிறது அவருக்குத் தெரியும். வெள்ளை வெளேர்னு வெல்லம் கேக்கிறவங்க நாமதானே, கறுத்த வெல்லத்தை யாரு வாங்கறோம். சாயத்துக்குத்தான் மாமா, வேட்டிக்குன்னு சொல்லி வேட்டிய விரிச்சுக் காட்டினேன். அத்தை வாயில கை வெச்சிட்டாங்க. மாமா பேசாம உள்ள போய் இறுக்கிக் கட்டின ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துட்டு வந்தார். போடறதில்லன்னு சொன்னவர்கிட்ட எப்படி இருந்துச்சுன்னு நான் கேக்கல.

கெணத்தடியில, திறந்த வெளியில வெச்சு செஞ்சோம். வீட்டுக்குள்ள செய்யாதீங்க, அந்த நெடி மூச்சை அடைக்கும், ஆஸ்துமா இருக்கிறவங்க கிட்டவே வரக் கூடாது. பிளாஸ்டிக் டப்பு, கையில ரப்பர் கிளவுஸ், பத்து லிட்டர் நல்ல சூடான தண்ணி, ஒரு ஸ்பூன் சலவை சோடா, பொடி ரெண்டு பெரிய ஸ்பூன். பொடி மேல தண்ணி தெளிக்கக் கூடாது, தண்ணியிலதான் பொடியப் போடணும், ஈரம் பட்டு மூடி வெச்சா தானாவே சூடேறித் தீப்புடிக்கிற சரக்கு, மீதிய மாமா அதே மாதிரி காஞ்ச கவர்ல இறுக்கிக் கட்டி எடுத்து வெச்சார். இதுக்கு எது கறை, எது கரைன்னு தெரியாது, கலர்னு இருந்தா கை வெக்கும். அதனால வேட்டியோட கரைய மட்டும் மேல மடிச்சு டப்பு விளிம்புல சுத்தி துணி கிளிப்பு போட்டு நிறுத்தினோம், பதினாலு கிளிப்பு, அத்தை வீட்டுல இருந்தது மொத்தமும். ஜரிகை கரையா இருந்திருந்தா நான் இந்த வேலைக்கே போயிருக்க மாட்டேன், கந்தகம் பட்டா ஜரிகை கறுத்துடும்.

உடம்பு பாகத்த உள்ள எறக்கினேன். தீக்குச்சி உரசின வாசம். ஒரு நிமிஷம் ஒண்ணும் ஆகல. அப்புறம் அந்த லேஸ் அச்சு விழுந்த திட்டைப் பார்த்துக்கிட்டே இருக்கேன், ஓரத்துல இருந்து உள் பக்கமா, மூச்சு பட்ட கண்ணாடி தெளியற மாதிரி சுருங்கிக்கிட்டே போயி ஒரு பொட்டு அளவு நின்னு, அதுவும் போச்சு. வெந்நீர்ல எடுத்தப்ப தண்ணி ரோஸ் ஆச்சுல்ல, இதுல தண்ணி கலரே மாறல, லேசா மஞ்சத் தண்ணி, அவ்ளோதான். சாயம் துணிய விட்டுத் தண்ணிக்கு வரல, இருந்த எடத்துலயே உடைஞ்சு நிறம் இல்லாததா ஆயிடுச்சு. எனக்கு கை தட்டணும் போல இருந்துச்சு, அந்த நேரம் பார்த்து மூணு கிளிப்பு பட்டு பட்டுனு தெறிச்சு ஒரு முழம் கரை தண்ணிக்குள்ள விழுந்துச்சு.

வெடுக்குனு இழுத்தேன். அதுக்குள்ள பச்சை ஒரு மாதிரி கலங்கிப் போயி என்ன நிறம்னே சொல்ல முடியாம இருந்துச்சு, அரக்கு சாணி கலர்ல வெளுத்துப் போச்சு. அழுதுட்டேன். மாமா மட்டும் "இரு, காத்து படட்டும்"னார், ஏதோ சமாதானத்துக்குச் சொல்றார்னு நெனச்சேன். ரெண்டு மூணு நிமிஷம் கையில தூக்கிப் புடிச்சிட்டு நின்னோம், பச்சை மெதுவா திரும்பி வந்துச்சு. கொஞ்சம் வெளிறின பச்சைதான், ஆனா பச்சை. அரக்கு வரல. ராத்திரி பெரியப்பாகிட்ட கேட்டேன். வேட்டிக் கரை நெறைய வெளுப்பு தாங்கணும்னு வேட் சாயம் போடற வழக்கம் உண்டாம், அது ஐட்ரோஸ்ல கரையும், காத்துப் பட்டா திரும்ப நிறம் கட்டும், அவுரி நீலமும் இதே குணம்தான், பச்சையா தொட்டியில இருந்து எடுத்து காத்துல காட்டினாத்தான் நீலமாவும். அரக்குக்குப் போட்டது வேற சாயம், அது உடைஞ்சா உடைஞ்சதுதான். எப்பவோ படிச்ச விஷயம், கெணத்தடியில அழுதுக்கிட்டு நிக்கும்போது கண்ணால பார்த்தேன்.

நாலு தண்ணி அலசினோம், அஞ்சாவது தண்ணியில ரெண்டு சொட்டு நீலம். அத்தைதான் போட்டாங்க, நான் போட்டிருந்தா மூடி கழண்டு பாட்டிலே விழுந்திருக்கும்.

மத்த துணிங்களப் பத்திக் கேட்டா வேகமா சொல்லிடறேன். கலர் துணியில கலர் ஏறினதுக்கு ஐட்ரோஸ் வேணாம், வெந்நீரும் பெர்கார்பனேட்டும் எவ்ளோ எடுக்குதோ அவ்ளோதான், மீதிக்கு மனசத் தேத்திக்கணும். நைலான் எலாஸ்டிக், லேஸ், சாக்ஸ் இதெல்லாம் சாயத்தச் சட்டுனு குடிச்சிக்கும், விடவும் விடாது. பட்டுப்புடவையில பார்டர் சாயம் உடம்புல எறங்கினா வீட்டுல எந்த வித்தையும் காட்டாம ஈரத்த வெள்ளைத் துணியில ஒத்தி எடுத்துட்டு தெரிஞ்ச டிரைகிளீனர்கிட்ட போயிடுங்க. கோரைப்பாய் மேல வெள்ளை பெட்ஷீட் விரிச்சு குழந்தைய படுக்க வெக்கிறவங்களுக்கு, பாயோட மெஜந்தா கோடு காலையில பெட்ஷீட்ல அப்படியே அச்சாகி இருக்கும், நடுவுல ஒரு ரப்பர் ஷீட் போடுங்க, அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல. புதுத் துணி விடுமான்னு பாக்க ஒரு ஓரத்த நனைச்சு வெள்ளைக் கர்சீப்ல அழுத்தித் தேச்சுப் பாருங்க, அரை நிமிஷ வேலை, நான் செய்யாதது.

திருக்கடையூர்ல அப்பா வேட்டி கட்டி வந்தப்ப நான் மூஞ்சியப் பார்க்கல, கரையத்தான் பார்த்தேன். பஞ்சகச்சத்துல அந்த ஒரு முழம் எங்க வரும்னு எனக்குக் கணக்கு தெரியாது, அய்யர் கட்டிவிட்ட கட்டுல அது கொசுவத்துக்குள்ள போயிடுச்சு. அப்பாவுக்கு எதுவும் தெரியாது. கலசத் தண்ணி ஊத்தி முழுசா நனைஞ்சு நின்னப்ப ஒரு நிமிஷம் எனக்கு மட்டும் பகீர்னுச்சு, நனைஞ்சா எங்கயாவது ரோஸ் தெரியுமோன்னு. வெள்ளையாத்தான் இருந்துச்சு.

திரும்பி வர்ற வேன்ல அம்மா பக்கத்துல உக்காந்துட்டு வந்தேன். ஈர வேட்டி கவர்ல சுருட்டி அம்மா மடியில இருக்கு. சிதம்பரம் தாண்டினதும் அம்மா கவரைப் பிரிச்சு அந்த வெளிறின முழத்த மட்டும் விரலால இழுத்துப் பார்த்துட்டு திரும்ப உள்ள தள்ளினாங்க.

"உங்கத்தை போன் பண்ணா"ன்னாங்க.

நான் ஒண்ணும் பேசல.

"அந்த நைட்டிய இன்னாடி பண்ண?"

இருக்கும்மா, போட்டுக்கிறேன்னேன். தனியா ஒரு பக்கெட்ல தொவைக்கிறேன். நேத்து ஏழாவது தடவை, தண்ணி இன்னும் பீட்ரூட் வேக வெச்ச மாதிரிதான் வருது.